கும்பக்கரை வரை வர வேண்டிய கடல் மீன்

கொடைக்கானல் ஏரி தானாக அமைந்ததல்ல. மதுரைக் கலெக்டராக இருந்த சர் வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது. ஏரியே மனிதர் கட்டியது என்னும்போது அதிலுள்ள மீன்களும் பெரும்பாலும் மனிதர் கொண்டுவந்து விட்டவைதான். தமிழகத்து மலை ஏரிகளில் இன்று பெருகிக் கிடக்கும் கண்ணாடிக் கெண்டை, 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்து சேர்ந்த வெளியூர்க்காரன். குளிர்ந்த நீர் அதற்குப் பிடித்துப்போனது.

இந்தக் கெண்டை முட்டையிடும் விதத்தைப் பாருங்கள். கரையோரக் களைகளுக்குள் புகுந்து, தண்டிலும் இலையிலும் ஒட்டும்படி முட்டைகளைப் பீய்ச்சுகிறது. முட்டையின் மேல் பசை. பொரித்து வரும் குஞ்சுக்கும் தலையில் ஒரு பசைச் சுரப்பி. முதல் இரண்டு மூன்று நாட்கள் அதே களையில் ஒட்டிக்கொண்டு தொங்கும். பிறகு அங்கேயே மேய்ந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே முட்டையிடும். அது பிறக்கும் இடத்துக்கும் சாகும் இடத்துக்கும் இடையில் சில நூறு மீட்டர் இருந்தால் அதிகம்.

கொடைக்கானலிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தென்கிழக்கே போனால் மண்டபம். ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. அங்குள்ள மீன்களில் பெரும்பாலானவை கெண்டைக்கு நேர் எதிர். முட்டையை எதிலும் ஒட்டவைப்பதில்லை, கூடு கட்டுவதில்லை, காவல் இருப்பதில்லை. திறந்த நீரில் லட்சக்கணக்கில் விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அந்த முட்டை எங்கே போகிறது, பொரித்த குஞ்சு எப்படி ஒரு இடம் பார்த்துச் சேர்கிறது என்பதுதான் இந்த அத்தியாயம். பழனி மலையைப் பற்றிய நூலில் கடல் மீனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கடலில் பிறந்து மலையை நோக்கி வரும் மீன் ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் பயணத்தைப் புரிந்துகொள்ள முதலில் கடலுக்குள் இறங்கியாக வேண்டும்.

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு மையம் இருக்கிறது. நிறுவனம் 1947-இல் தொடங்கியது. 1949 முதல் 1971-இல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையகமே மண்டபம்தான். இந்தியாவில் முதன்முறையாகக் கடல் விராலைத் தொட்டியில் முட்டையிட வைத்து 2010-இல் குஞ்சு எடுத்ததும் இங்கேதான். இப்படிப்பட்ட குஞ்சு பொரிப்பகத்தில் நல்ல முட்டையைக் கண்டுபிடிக்க நுண்ணோக்கியே தேவையில்லை. தொட்டியில் காற்றுக் குமிழியை நிறுத்தினால் போதும். உயிருள்ள முட்டைகள், ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவில், தெளிந்த மணிகளாக மேலே மிதந்து வரும். கருக்கூடாதவையும் செத்தவையும் வெளுத்து அடியில் தங்கும். மேலே வந்ததை மொண்டுகொள்வார்கள், அடியில் கிடப்பதைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து வெளியே கொட்டுவார்கள்.

முட்டை ஏன் மிதக்கிறது? எண்ணெய்த் துளி இருப்பதால் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிப் பதில். பல கடல் மீன் முட்டைகளில் எண்ணெய்த் துளியே கிடையாது, அவையும் மிதக்கின்றன. உண்மையான காரணம் தண்ணீர். மீனின் உடல் நீரில் இருக்கும் உப்பு, கடல் நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். முட்டை முற்றும் கடைசி மணி நேரங்களில் அதற்குள் இருக்கும் புரதம் உடைந்து அமினோ அமிலமாகிறது. அந்த அமிலம் தாயின் உடல் நீரை உள்ளே இழுக்கிறது. முட்டை உப்பிப் பெருக்கிறது. எடையில் பத்தில் ஒன்பது பங்கு உப்புக் குறைந்த தண்ணீராகிவிட்ட முட்டை, உப்பு மிகுந்த கடலில் மிதக்காமல் என்ன செய்யும்?

இதனால் ஒரு விளைவு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஆறுகள் புரண்டு வந்து கடல்மேல் நன்னீர் பரவினால், அந்த இலேசான நீரில் முட்டை மிதக்காது. மேல் அடுக்குக்குக் கீழே, உப்பு ஏறத் தொடங்கும் மட்டத்தில் போய் நிற்கும். கடல் நீர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீரானதல்ல. வெப்பம், உப்பு, வெளிச்சம், ஓட்டம் எல்லாம் மட்டத்துக்கு மட்டம் மாறும். முட்டை தன் எடையைக் கொண்டு அதில் ஒரு மட்டத்தைப் பிடிக்கிறது. முட்டைப் பருவத்தில் அதற்கு வேறு வழி கிடையாது.

நம் கடல்களின் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு நாளில் முட்டை பொரிக்கிறது. வெளியே வருவதை மீன் என்று சொல்ல மனம் வராது. வாய் திறந்திருக்காது. கண்ணில் நிறமி இல்லை, பார்வை இல்லை. வயிற்றில் மஞ்சள் கருப் பை. அது இலேசாக இருப்பதால் பல இனங்களில் குஞ்சு தலைகீழாக மிதக்கும். மூன்றாம் நாள் வாக்கில் வாய் திறக்கும், கண் கறுக்கும். கொடுவாய்க் குஞ்சாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு: நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி நீச்சல் பையை நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்கென்று சில நாட்கள்தான் அவகாசம். தொட்டியின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் படிந்திருந்தால் குஞ்சால் அதைக் கிழித்துக் காற்றை எடுக்க முடியாது. முதுகு வளைந்து வீணாகிப்போகும். கொடுவாய் வளர்க்கும் பொரிப்பகங்களில் படலத்தை ஓயாமல் வழித்தெடுப்பது இதற்காகத்தான். கடல் விராலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதற்கு நீச்சல் பையே கிடையாது.

குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்று பிழைப்பதே அபூர்வம். மீன் வரத்து ஏன் ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக மாறுகிறது என்ற கேள்விக்கு இந்தச் சாவில்தான் விடை இருக்கிறது என்று முதலில் உறுதியாகச் சொன்னவர் நார்வே நாட்டு யோஹான் யோர்ட். 1914-இல் அவர் எழுதிய அறிக்கை இன்றும் மீனியல் மாணவர்களுக்குப் பாடம். 1904-இல் பிறந்த ஹெர்ரிங் மீன்கள் மட்டும் அடுத்த பல ஆண்டுகள் நார்வே வலைகளை நிறைத்ததை அவர் செதில் வளையங்களை எண்ணிக் கண்டுபிடித்தார். அந்த ஆண்டு தாய் மீன்கள் அதிகமாக இருந்தன என்பதல்ல காரணம். குஞ்சுகள் அதிகமாகப் பிழைத்தன. பிழைப்பதற்கு இரண்டு நிபந்தனைகளை அவர் சொன்னார். வாய் திறக்கும் நேரத்தில் எதிரே இரை இருக்க வேண்டும். நீரோட்டம் குஞ்சுகளை ஆகாத இடத்துக்கு அடித்துக்கொண்டு போகக் கூடாது. முதல் நிபந்தனையைத்தான் அதற்குப் பின் வந்தவர்கள் அதிகம் துருவினார்கள். இரண்டாவது வெகுகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. குஞ்சு வெறும் தூசி, ஓட்டம் போகும் வழியில் போகும் என்ற எண்ணம்தான் காரணம் என்று தோன்றுகிறது.

குஞ்சு தூசியல்ல. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை சென்டிமீட்டர் குஞ்சு வினாடிக்குத் தன் உடல் நீளம் அளவு, அதாவது 5 மில்லிமீட்டர் நீந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டத்தின் வேகமோ வினாடிக்கு 30 சென்டிமீட்டர், ஒரு நாளைக்கு 26 கிலோமீட்டர். எதிர்த்து நீந்துவது நடக்காத காரியம். ஆனால் அதே குஞ்சு நேர் மேலே நீந்தினால் 20 மீட்டர் ஏற ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் போதும். கிடைமட்டத்தில் 20 மீட்டர் ஒன்றுமே இல்லை. செங்குத்தாக 20 மீட்டர் என்பது வேறொரு கடல். மேலே காற்றுத் தள்ளும் நீர் ஒரு திசையில் போகும், கீழே உள்ள நீர் வேறு வேகத்தில், சில இடங்களில் எதிர்த்திசையிலேயே ஓடும். மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் நிற்கும் பயணி பஸ்ஸை ஓட்டுவதில்லை, எந்த பஸ்ஸில் ஏறுவது என்று மட்டும் முடிவு செய்கிறார். குஞ்சு செய்வதும் அவ்வளவுதான்.

பெரும்பாலான கடல் மீன் குஞ்சுகளும் அவை தின்னும் நுண்ணுயிர்களும் பொழுது சாய்ந்ததும் மேலே வருகின்றன, விடிந்ததும் கீழே இறங்குகின்றன. பகலில் மேலே நின்றால் பார்வையால் வேட்டையாடும் பெரிய மீன் விட்டுவைக்காது. குஞ்சுக்கும் பார்த்துத் தின்ன வெளிச்சம் வேண்டும் என்பதால் ஒரேயடியாக இருட்டுக்குள் இறங்கவும் முடியாது. உயிர்ப் பயத்துக்கும் பசிக்கும் நடுவில் ஒரு மட்டம். சில இனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன, பகலில் மேலேயும் இரவில் கீழேயுமாக. வளர வளர அந்த மட்டமும் மாறும்: முட்டையாக மேலே இருந்தது, வளர்ந்த குஞ்சாகி ஆழத்துக்குப் போகும். இந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு, மேல் நீரோட்டத்தை மட்டும் கணினியில் ஓட்டி, குஞ்சு எங்கே போய்ச் சேரும் என்று கணித்தால் விடை தப்பாகத்தான் வரும். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வீட்டுக்கு அருகிலேயே தங்குகின்றன என்பது ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணித்தபோது தெரியவந்த செய்தி.

அதை நேரடியாகவே சோதித்தார்கள். பப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில், தாய் மீன்களுக்கு ஒரு பேரியம் ஐசோடோப்பை ஊசி மூலம் செலுத்தினார்கள். அது முட்டைக்குப் போய், குஞ்சின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லில் அடையாளமாகப் பதிந்தது. பிறகு அதே பவளத்திட்டில் வந்து குடியேறிய குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்தார்கள். கோமாளி மீனிலும் வண்ணத்துப்பூச்சி மீனிலும் ஏறத்தாழ 60 சதவீதம் அந்தத் திட்டிலேயே பிறந்தவை. 2007-இல் வெளிவந்த முடிவு இது. வண்ணத்துப்பூச்சி மீன் குஞ்சு ஒரு மாதத்துக்கு மேல் திறந்த கடலில் இருந்துவிட்டு இந்தச் சிறு இடத்துக்குத் திரும்பியிருக்கிறது. கடைசி நாட்களில் பவளத்திட்டு மீன் குஞ்சுகள் வினாடிக்கு 20 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீந்தும் அளவுக்கு வலுப்பெற்றுவிடுகின்றன. பாறைத்திட்டின் இரைச்சலைக் கேட்டும் வாசனையை மோந்தும் வழி தேடுகின்றன.

நம் பக்கம் வருவோம். பாக் நீரிணையில் ஆழமே கிடையாது; பெரும்பகுதி 15 மீட்டருக்குள். மன்னார் வளைகுடா கரையோரத்தில் 21 தீவுகளும் பவளமுமாகத் தொடங்கி, தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டையும் இணைப்பது பாம்பன் கால்வாயும் ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகளுக்கு இடைப்பட்ட வழிகளும்தான். வாடைக் காலத்தில் கிழக்குக் கரை நீவாடு, அதாவது கடலோட்டம், வடக்கேயிருந்து தெற்காக இழுக்கும். காற்று மாறினால் அதுவும் மாறும். ஆழம் குறைந்த பாக் நீரிணையில் குஞ்சு மேலே போனாலும் கீழே போனாலும் பெரிய வித்தியாசம் கிடைக்காது, அதற்கு வாய்த்த மட்டங்கள் குறைவு. வளைகுடாவில் வாய்ப்பு அதிகம். ஒரு பக்கத்தில் பிறந்த குஞ்சு எத்தனை மறுபக்கம் கடக்கிறது என்பது இரண்டு கரை மீனவர்களுக்கும் முக்கியமான கேள்வி. இலங்கைக் கரைக்கும் அதில் பங்கு உண்டு. குஞ்சுக்குக் கடல் எல்லைக் கோடு தெரியாது.

இப்போது மலைக்கு.

பழனி மலையில் விழும் மழை இரண்டாகப் பிரிகிறது. வடசரிவில் பாலாறு, பொருந்தலாறு, வரதமாநதி ஓடிச் சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து காவிரிக்குப் போகின்றன. தென்சரிவில் கும்பக்கரை அருவியாக இறங்கும் பாம்பாறு, வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி எல்லாம் வைகைப் பக்கம். வைகை மதுரையைக் கடந்து, ராமநாதபுரம் பெரிய கண்மாயை நிரப்பி, மிச்சமிருந்தால் ஆற்றங்கரை கிராமத்தருகே பாக் நீரிணையில் சேரும். இந்த வழியைத் தலைகீழாக, கடலிலிருந்து மலையை நோக்கி வரும் மீன்தான் விலாங்கு. ஆரலைச் சொல்லவில்லை, அது நன்னீரிலேயே பிறந்து வளர்வது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் அசல் விலாங்கு, உடலெங்கும் புள்ளியும் திட்டுமாக ஒன்றரை மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. அறிவியல் பெயர் ஆங்குயில்லா பெங்காலென்சிஸ். தென்னிந்திய ஆறுகளிலிருந்து இமய அடிவாரம் வரை இது ஏறிப் போயிருக்கிறது.

ஆற்றில் பிடிபடும் எந்த விலாங்கின் வயிற்றிலும் முற்றிய முட்டை இருந்ததில்லை. உலகம் முழுக்க இதே கதைதான். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து இது புதிர். சேற்றிலிருந்து தானே உண்டாகிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியின் கிராஸியும் கலாண்ட்ரூச்சியோவும் ஒரு விசித்திரக் கடல் குஞ்சைத் தொட்டியில் வைத்திருந்தார்கள். இலை வடிவம், அதன் பின்னால் அச்செழுத்தை வைத்தால் படித்துவிடலாம், அவ்வளவு தெளிவு. தனி மீன் என்று அதற்கு முன்பே ஒருவர் பெயரும் சூட்டியிருந்தார். தொட்டியில் அது சுருங்கி உருண்டு விலாங்காக மாறியது. டென்மார்க்கின் யோஹன்னஸ் ஷ்மிட் இந்தக் குஞ்சுகளில் சிறியது, இன்னும் சிறியது என்று அட்லாண்டிக் முழுக்க வலை வீசித் தேடி, ஐரோப்பிய விலாங்கு சர்காசோ கடலில் முட்டையிடுகிறது என்று 1922-இல் அறிவித்தார். 1928 முதல் 1930 வரை ‘டானா’ கப்பலில் உலகைச் சுற்றியபோது இந்தியப் பெருங்கடலிலும் தேடினார். அந்தச் சேகரிப்பை ஆராய்ந்த யெஸ்பெர்சன், நம் விலாங்கின் மிகச் சிறிய குஞ்சுகள் சுமாத்ராவின் மேற்கே, மெண்டாவாய்த் தீவுகளை ஒட்டிய ஆழ்கடலில் கிடைத்ததை 1942-இல் எழுதினார். ஜப்பான் விலாங்கின் முட்டையையே கடலில் கண்டெடுக்க 2009 வரை ஆனது. நம் விலாங்கின் முட்டையைக் கடலில் யாரும் இன்னும் பார்க்கவில்லை.

சுமாத்ராவின் மேற்கிலிருந்து தமிழகக் கரை ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர். ஓட்டம் வினாடிக்கு 20 சென்டிமீட்டர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 17 கிலோமீட்டர், ஐந்து மாதத்துக்குச் சற்றுக் குறைவு. வெப்பக் கடல் விலாங்குகளின் குஞ்சுகள் கடலில் கழிக்கும் காலமும் கிட்டத்தட்ட அதுதான். அதை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்றால், செவிக்கல்லில் ஒரு நாளைக்கு ஒரு வளையம் விழுகிறது. 1971-இல் பன்னெல்லா இதைக் காட்டிய பிறகு குஞ்சின் வயதை நாள் கணக்கில் எண்ண முடிகிறது. வாடைக் காலத்தில் வங்கக் கடலின் தெற்கே நீர் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுவதும் இதற்குப் பொருந்துகிறது. நான் போட்டது காகிதத்தில் ஒரு பெருக்கல்தான். நேர்கோட்டில் எந்தக் குஞ்சும் வந்திருக்காது.

வழியெல்லாம் இந்த இலைக் குஞ்சு தினமும் ஏறி இறங்குகிறது. இரவில் மேலே, நூறு மீட்டரை ஒட்டி. பகலில் அதைவிட வெகு கீழே. உடலின் பெரும்பகுதி கூழ், எலும்பு கெட்டிப்படவில்லை, இரத்தத்தில் சிவப்பணு கூட இல்லை. எடை கடல் நீரோடு ஒத்திருப்பதால் ஒரு மட்டத்தில் நிற்க அதற்கு அதிகச் செலவில்லை. ஆழத்தில் உதிர்ந்துகொண்டே இருக்கும் உயிர்த்துகள்களைத் தின்று வருகிறது. கண்டச் சரிவை நெருங்கியதும் உருமாறுகிறது: இலை அகலம் குறைந்து, உருண்டு, ஐந்து சென்டிமீட்டர் நீளக் கண்ணாடி விலாங்காகிறது. உள்ளே முதுகெலும்பும் இரண்டு கறுப்புக் கண்களும்தான் தெரியும்.

முகத்துவாரத்தில் வேறொரு வித்தை. கடல் ஏற்றத்தில் நீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும். நாள் முழுக்க மிதந்துகொண்டிருந்தால் போன தூரமும் வந்த தூரமும் ஒன்றாகிவிடும். கண்ணாடி விலாங்கு ஏற்றத்தின்போது தரையை விட்டு மேலெழுந்து நீரோடு உள்ளே போகிறது. வற்றத்தின்போது அடியில் போய் மணலோடு ஒட்டிக்கொள்கிறது. எது ஏற்றம் எது வற்றம் என்று அதற்கு எப்படித் தெரியும்? நெதர்லாந்தின் கிரொய்ட்ஸ்பெர்க் 1961-இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது: நாட்டுக்குள்ளிருந்து வரும் நீரின் வாசனை. அந்த நீரைக் கரித்தூள் வழியாக வடிகட்டிக் கொடுத்தபோது விலாங்குகள் அதைச் சட்டை செய்யவில்லை. உப்புக் குறைவு மட்டும் போதவில்லை, வாசனை வேண்டியிருந்தது. பிறகு 1993-இல் இத்தாலியில் டோஸியும் சோலாவும் அந்த வாசனைகளில் ஒன்றைத் தனியே எடுத்துச் சோதித்தார்கள். அது ஜியோஸ்மின்.

ஜியோஸ்மின் யாருக்கும் புதிதல்ல. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியா உண்டாக்கும் பொருள். கோடை மழையின் முதல் துளி விழுந்ததும் எழும் மண்வாசனைதான் அது. நம் மூக்கே அதை லட்சம் கோடியில் சில பங்கு இருந்தால் கண்டுகொள்ளும். பெரியகுளத்துக்கு மேலே சோலைக்காட்டு மண்ணை நனைத்து இறங்கும் மழை நீர், வைகை வழியாக ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தால், அந்த வாசனைக் கலவை பாக் நீரிணையில் காத்திருக்கும் ஐந்து சென்டிமீட்டர் குஞ்சுக்கு ஆற்றின் வாயைக் காட்டிக்கொடுக்கும். அங்கே ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு; அதன் உந்துதல் சொற்பம். ஆகவே வாடை மழையில் ஆறு வருவதும் ஆற்று வாயை அடைத்திருக்கும் மணல் திட்டு உடைவதும்தான் அங்கே பெரிய காரியம்.

உள்ளே வந்த குஞ்சு நிறம் ஏறி, குட்டி விலாங்காகி, மேலே போகத் தொடங்குகிறது. பத்து சென்டிமீட்டருக்குள் இருக்கும்வரை அது ஈரப் பாறையில் செங்குத்தாகவே ஏறும். வயிற்றின் ஈரம் பாறையோடு ஒட்டிக்கொள்ள, உடலை நெளித்து நெளித்துப் பாசியின் மேல் நகரும். தோல் வழியாகவும் மூச்சு விடும். பெரிதானால் உடல் எடை தாங்காமல் இந்த வித்தை போய்விடும். கொடைக்கானல் ஏரி வரை, ஏழாயிரம் அடி ஏறி வரும் என்று நான் சொல்லமாட்டேன். கும்பக்கரை போன்ற அடிவாரப் பாறை மடுக்கள் அதற்கு எட்டாத உயரமல்ல. அங்கே பல ஆண்டுகள் வளர்ந்து, வெள்ளி நிறம் பெற்று, ஒரு மழைக்காலத்து வெள்ளத்தோடு இறங்கி, கடலுக்குப் போய் ஒரே முறை முட்டையிட்டுச் செத்துப்போகும்.

இந்த வழியில் இன்று என்ன இருக்கிறது? கடலிலிருந்து வந்தால் முதலில் பார்த்திபனூர் மதகணை, பிறகு விரகனூர் மதகணை, அதற்கும் மேலே பேரணை. அதைத் தாண்டினால் பல கிளைகளில் அணைகள்: வைகையில் 1959-இல் திறந்த வைகை அணை, மருதாநதியில் ஒன்று, மஞ்சளாற்றில் ஒன்று, வராக நதியில் சோத்துப்பாறை. இவற்றுக்கு முன்பே ஒரு தடை உண்டு: வைகை பெரும்பாலான நாட்கள் கடலைத் தொடுவதே இல்லை. நீர் வராத ஆற்றுக்கு வாசனையும் கிடையாது. காவிரியிலும் இதே நிலைதான். கடலிலிருந்து கூட்டமாக மேலேறிய உல்லம் மீன் 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு அங்கே அரிதாகிப்போனது. அணைக்கட்டுகள் மீனின் வழியை மறிக்கின்றன என்று பிரான்சிஸ் டே அரசுக்கு அறிக்கை கொடுத்தது 1873-இல். நூற்றைம்பது ஆண்டுகளாகியும் இந்த விஷயத்தில் நாம் செய்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஏற வழியில்லாத விலாங்குகள் எல்லாமே செத்துப்போவதில்லை என்பது ஓர் ஆறுதல். கடல் நீரில் ஸ்ட்ரான்சியம் அதிகம், ஆற்று நீரில் குறைவு. செவிக்கல்லின் ஒவ்வொரு வளையத்திலும் அதை அளந்தால் அந்த மீன் எந்த வயதில் எந்த நீரில் இருந்தது என்று தெரிந்துவிடும். ஜப்பானின் சுகமோட்டோ குழு 1998-இல் இப்படிப் பார்த்தபோது, ஆற்றுக்குள் ஒரு நாள்கூட வராமல் கடலிலேயே வளர்ந்த விலாங்குகள் இருந்தன. கழிமுகத்திலேயே தங்கிப் பிழைத்துக்கொள்ளும் திறமை விலாங்குக்கு இருக்கிறது. அதற்காக ஆற்றை அடைத்தது சரி என்றாகிவிடாது.

விலாங்குக்கு வழி விடுவது பெரிய செலவும் அல்ல. ஐரோப்பாவிலும் நியூசிலாந்திலும் அணையின் ஓரமாகச் சாய்தளம் ஒன்றை வைத்து, அதில் தூரிகை மயிர்களையோ கயிற்றையோ பதித்து, மெல்லிய நீர்த்தாரை ஓடவிடுகிறார்கள். குட்டி விலாங்கு அதைப் பற்றிக்கொண்டு ஏறிவிடுகிறது. மதகணைகளில் இதைச் செய்யக் கொஞ்சம் கொத்து வேலை போதும். பெரிய அணைகளில் கீழே பிடித்து மேலே கொண்டுபோய் விடலாம். நியூசிலாந்தில் அதையும் செய்கிறார்கள்.

அதற்கு முன் தெரிய வேண்டியது, இன்று நம் முகத்துவாரங்களுக்குக் கண்ணாடி விலாங்கு எவ்வளவு வருகிறது என்பது. ராமநாதபுரத்திலும் பூம்புகார்ப் பக்கத்திலும் உள்ள கல்லூரி மாணவர்கள் இதைச் செய்யலாம். ஆறு கடலைத் தொடும் நாட்களில், நிலா இல்லாத இரவில், கடல் ஏறும் நேரம் பார்த்து, உள்ளூர் மீனவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு கைவலையும் டார்ச்சும் கொண்டு கரையோரம் நில்லுங்கள். வெளிச்சத்தில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் ஜோடியாக நகர்ந்தால் அதுதான். தேதி, நேரம், எண்ணிக்கை மூன்றையும் எழுதிக்கொண்டு, பிடித்ததை ஆற்றிலேயே விட்டுவிடுங்கள்.